குலப்பெயரும் புனைபெயரும்: பெரியசாமித் தூரனும் வாழ்க்கைப் பருவ உளவியலும்

மனித வாழ்வைப் பருவங்களாகப் பகுத்துக் காணும் நோக்குத் தமிழுக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் நூல்கள் மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை, ஒற்றைப்படைத் திங்கள்தோறும் ஒரு பருவமாகக் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் படிகளில் நிறுத்திக் காட்டுகின்றன. தலையசைத்து ஆடுவது, கைகொட்டுவது, தளர்நடையிட்டு வருவது, நிலவை நோக்கிக் கை நீட்டுவது என அவை காட்டும் வரிசை, தொட்டிலருகே பலகாலம் நின்று நோக்கியவர்களின் வரிசை. உலா நூல்கள் பெண்ணை ஏழு பருவங்களாக்கின. பேதை ஐந்தில் தொடங்குகிறாள். பேரிளம்பெண் நாற்பதில் முடிகிறாள். நாற்பதைக் கடந்தவளுக்கு வீடு இருந்தது, வேலை இருந்தது. உலாவில் பெயர்தான் இல்லை. இவ்விரு பகுப்பிலும் பருவம் என்பது வெளியிலிருந்து காணப்படுவது. பிள்ளைத்தமிழில் காண்பவள் தாய். உலாவில் காண்பவன் புலவன். பருவத்துள் நிற்பவர் தம்மைப் பற்றித் தாமே என்ன வினவிக்கொண்டார் என்பதை இவை பேசவில்லை. பேசுவது அவற்றின் நோக்கமும் அன்று.

அவ்வினாவை எடுத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் உளவியல். அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி ஹால் 1904இல் குமரப் பருவத்தைத் தனி ஆய்வுப் பொருளாக்கி விரிவான நூல் ஒன்றை எழுதினார். பிராங்க் பார்சன்ஸ் என்பார் தொழிலைத் தேர்ந்துகொள்வது பற்றி எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1909இல் வெளிவந்தது. தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்பதே அதன் சாரம். பின்னர் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட நூலில் வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் மனிதன் கடக்க வேண்டிய நெருக்கடி ஒன்றுண்டு என்றார். டொனால்டு சூப்பர் 1957இல் தொழில்வாழ்வின் உளவியலை எழுதி, வளர்ச்சி, தேடல், நிலைபெறல், பேணல், தளர்வு என ஐந்து நிலைகளைக் காட்டினார். ஒருவன் தன்னைப் பற்றி மனத்தில் வரைந்து வைத்திருக்கும் ஓவியத்தைச் செயலில் தீட்டிப் பார்ப்பதே தொழில் என்பது அவர் கோட்பாடு.

இவ்விருவரும் பிறந்த ஆண்டுகள் 1902, 1910. இடையில் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியில், மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் பிறந்தவர் பெரியசாமித் தூரன். கவிஞராகவும் இசைப்பாடல் ஆசிரியராகவும் கலைக்களஞ்சியப் பதிப்பாசிரியராகவும் அவரை அறிந்தவர் பலர். உளவியலைத் தமிழில் எழுதிய முன்னோடியருள் ஒருவராக அவரை நினைப்பவர் சிலரே. மேலைநாட்டார் இருவரோடு அவரை ஒருங்கு வைத்துக் காண்பது தாக்கம் காட்டுவதற்காக அன்று. ஒரே தலைமுறையினர் வெவ்வேறு நிலங்களில் ஒரே வினாவை எதிர்கொண்ட வகையைக் காண்பதற்கே.

கொங்கு நாட்டில் அவ்வினா எழுவதற்கே இடம் குறைவாக இருந்தது என்பதை முதலில் கருதவேண்டும். உழவர் வீட்டில் பிறந்த ஆண்மகனுக்கு நிலமும் கிணறும் கால்நடையும் குலதெய்வக் கோயிலும் பிறக்கும்போதே காத்திருந்தன. நெசவாளர், கம்மியர், வணிகர் வீடுகளிலும் இதுவே நிலை. நிலமற்ற உழைப்பாளர் வீட்டிலோ, காத்திருந்தது பிறர் நிலத்துப் பணி. சூப்பர் கூறும் தேடல் நிலை, தேர்ந்துகொள்ளப் பல வழிகள் உண்டு என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட ஒன்று. அவ்வழிகள் கொங்கில் மெல்லத் திறந்தன. 1888இல் கோவையில் நூற்பாலை தோன்றிற்று. 1920இல் கலங்கல் ஊரினரான ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகள் பெருகின. உழவன் மகன் ஆலைத் தொழிலாளியாகலாம், பேருந்து ஓட்டுநராகலாம், எழுத்தராகலாம், ஆசிரியராகலாம் என்ற நிலை வந்த பிறகே, எதுவாவது என்ற கலக்கமும் வந்தது. உளவியல் நூல்கள் இக்கலக்கத்தை இளமையின் இயல்பென எழுதிச் செல்லும்போது, அதற்குப் பின்னால் ஆலைச் சங்கும் பள்ளிக்கூட மணியும் ஒலிப்பதை மறந்துவிடுகின்றன.

தூரன் சென்னைக்குச் சென்று மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றார். அக்காலத்தே கொங்கு நாட்டு இளைஞர் சிலர் கூடி அமைத்தது வனமலர்ச் சங்கம். பின்னாளில் நடுவண் அமைச்சராக விளங்கிய சி. சுப்பிரமணியம், கே.எஸ். இராமசாமிக் கவுண்டர், ஓ.வி. அளகேசன், நீதிபதியாக உயர்ந்த பழனிசாமி ஆகியோர் அதில் இணைந்திருந்தனர். சுப்பிரமணியத்தின் உறவினரான சுவாமி சித்பவானந்தர் அவ்விளைஞர்க்கு ஊக்கமாக இருந்தார். சங்கத்தார் ‘பித்தன்’ என்ற இதழை நடத்தினர். அது கோபிசெட்டிபாளையத்திலிருந்து வெளிவந்தது. ஆலோசிக்கத்தக்க பெயர் அது. கணக்கும் சட்டமும் பயின்று உத்தியோகத்துக்குச் செல்லவேண்டிய பிள்ளைகள் தங்கள் இதழுக்குப் பித்தன் என்று பெயரிட்டபோது, தங்களை வீட்டார் எவ்வாறு அழைப்பர் என்பதை உணர்ந்தே இட்டனர் போலும்.

1931ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். அச்செய்தியால் மனம் கலங்கிய தூரன் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வை எழுதாது விடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. உழவர் குடும்பம் ஒன்று பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைப்பதற்கு என்ன செலவாகும், அத்தேர்வின்மேல் எத்தனை பேரின் நம்பிக்கை தங்கியிருக்கும் என்பதை எண்ணினால்தான் அச்செயலின் பாரம் விளங்கும். அது வீரச்செயலாக மட்டும் அன்று, வாழ்வின் வழியை மாற்றிய செயலாகவும் நிற்கிறது. பட்டம் பெற்றிருந்தால் திறந்திருக்கக்கூடிய கதவுகள் அன்று அடைபட்டன.

இளமையின் இத்தகைய இடைவெளிக்கு எரிக்சன் கடன் வழக்கிலிருந்து ஒரு சொல்லை எடுத்தாண்டார். கடனாளிக்குத் தரப்படும் தவணைக்குரிய சொல் அது. முதிர்ந்தோர்க்குரிய பொறுப்பை ஏற்பதற்குமுன் சமுதாயம் இளைஞனுக்கு ஒரு தவணை தருகிறது; அத்தவணையில் அவன் பலவாறு முயன்று பார்த்துத் தன்னைக் கண்டுகொள்கிறான் என்பது கருத்து. எரிக்சனுக்கே அது வாய்த்தது. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர் அவர். ஓவியனாக ஐரோப்பாவில் சில ஆண்டுகள் அலைந்தவர். தூரனுக்குக் கிடைத்த தவணையோ குறுகியது. வனமலர்ச் சங்கமும் பித்தனும் தந்த அளவே அது. கொங்குச் சிற்றூர்க் குடும்பங்கள் தவணை தருவதில் தாராளம் காட்டியவை அல்ல. ஆனால் இலக்கிய வட்டம் ஒன்று, வீடும் கல்லூரியும் தராத தவணையைத் தன் உறுப்பினர்க்குத் தந்தது என்பது இலக்கிய வரலாற்றாசிரியர் போதிய அளவு கவனியாத செய்தி.

தேர்வைத் துறந்த இளைஞர் ஆசிரியரானார். கோபிசெட்டிபாளையத்தில் பணியாற்றியபின், தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் நிறுவிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் சேர்ந்தார். 1948 வரை அவர் வாழ்வு பெரியநாயக்கன்பாளையத்து வளாகத்தோடு பிணைந்திருந்தது. மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் உண்டு உறங்கி வாழும் உறைவிடப் பள்ளி அது. வகுப்பில் ஒரு மணிநேரம் காணும் பிள்ளை வேறு. விடியற்காலையில் எழ மறுப்பவன், வீட்டு நினைவில் அழுபவன், உணவு வேளையில் சண்டையிடுபவன் என நாள் முழுதும் காணும் பிள்ளை வேறு. எரிக்சனும் 1927இல் வியன்னா நகரில் குழந்தைகளுக்கான சிறு பள்ளி ஒன்றில் ஆசிரியராகச் சேர்ந்தே உளவியலுக்குள் வந்தார். இருவருக்கும் உளவியல் முதலில் நூலகத்தில் கிடைத்தது அன்று, பிள்ளைகளிடமிருந்து கிடைத்தது.

தூரனின் உளவியல் நூல்களின் தலைப்புகளே ஒரு வாழ்க்கைப் படியாக அமைகின்றன. ‘பாரம்பரியம்’, ‘கருவில் வளரும் குழந்தை’, ‘குழந்தை உள்ளம்’, ‘குழந்தை மனமும் அதன் மலர்ச்சியும்’, ‘குமரப் பருவம்’ ஆகியவை ஒருபுறம். ‘அடிமனம்’, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘மனம் என்னும் மாயக்குரங்கு’ ஆகியவை மறுபுறம். முதல் வரிசை வளர்ச்சியைப் பின்தொடர்வது. இரண்டாவது மனத்தின் ஆழத்தைத் துழாவுவது. பிராய்டின் நனவிலியை அவர் அடிமனம் என்றார். நனவிலி என்பது நனவு இல்லாதது என எதிர்மறையால் பொருள் தருவது. அடிமனம் என்பதோ கிணற்றின் அடி, வண்டலின் அடி என நிலத்தோடு ஒட்டிய சொல். கலைச்சொல் என்ற அளவில் நனவிலி நுட்பமானதாக இருக்கலாம். கமலை இறைத்த உழவனுக்கு அடிமனம் என்றால் உடனே விளங்கும். அவ்வாறே வளரிளம் பருவம் என்று பின்னாளில் பாடநூல்கள் ஆக்கிய சொல்லினும் குமரப் பருவம் உயிர்ப்புடையது. முருகனைக் குமரன் என்று பாடிய ஒருவர் கைக்கு அச்சொல் இயல்பாக வந்திருக்கும்.

வளர்ச்சியைப் பின்தொடரும் இந்நூல்கள் குமரப் பருவத்தோடு நின்றுவிடுகின்றன. ஆசிரியரின் கண் பள்ளியின் வாயில் வரை செல்கிறது. அதற்கப்பால் மாணவன் போய்விடுகிறான். முப்பதில், நாற்பதில், அறுபதில் மனம் என்னாகிறது என்பதற்கு அவர் வாழ்வையே நோக்கவேண்டியிருக்கிறது.

சூப்பரின் கணக்குப்படி இருபத்தைந்து முதல் நாற்பத்துநான்கு வரை ஒருவன் ஒரே துறையில் வேரூன்ற வேண்டும். அதன்பின் பெற்றதைப் பேணவேண்டும். அறுபத்தைந்துக்குப் பின் தளர்வு. தூரன் நாற்பதாம் அகவையில், வேரூன்றிய ஆசிரியப் பணியிலிருந்து விலகித் தமிழ் இதுவரை செய்தறியாத பணியொன்றை ஏற்றார். அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வியமைச்சராக இருந்த 1946ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட தமிழ் வளர்ச்சிக் கழகம், கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட முடிவு செய்தது. 1948இல் தூரன் அதன் தலைமைப் பதிப்பாசிரியரானார். முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963இல் நிறைவுற்றது. இணைப்பாகிய பத்தாம் தொகுதி 1968இல் வெளிவந்தது. இருபது ஆண்டுகள் பிறர் எழுதியவற்றைத் திருத்தி, சொல் தேர்ந்து, மெய்ப்புப் பார்த்த பணி. ஒரு கவிஞனுக்கு இதைவிடத் தன்னை மறைத்துக்கொள்ளும் வேலை இருக்கமுடியாது.

ஆயினும் அவ்வாண்டுகளிலும் பாடல்கள் பிறந்துகொண்டிருந்தன. கீர்த்தனங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. சுதேசமித்திரன் இதழ்களில் புதைந்து கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடியெடுத்து ‘பாரதி தமிழ்’ என்ற நூலாக்கினார். சூப்பரும் தம் பழைய ஏணி போதாது என்று உணர்ந்தார். 1980இல் அவர் தொழில்வாழ்வை ஒரு வானவில்லாக வரைந்தார்: மகன், மாணவன், குடிமகன், பணியாளன், இல்லறத்தான் எனப் பல பாத்திரங்கள் ஒரே காலத்தில் வளைந்து செல்லும் பட்டைகள். ஏணியில் தூரனை நிறுத்தினால் அவர் மூன்று முறை இறங்கி ஏறியவராகத் தோன்றுவார். வானவில்லில் நிறுத்தினால் ஆசிரியன், கவிஞன், இசைவாணன், தொகுப்பாளன் ஆகிய பட்டைகள் எதுவும் அறுபடவில்லை என்பது தெரியும்.

1968இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. வயது அறுபது. ஓய்வுகொள்ள அதைவிட நல்ல தருணம் இல்லை. அவ்வாண்டிலேயே குழந்தைகள் கலைக்களஞ்சியப் பணி தொடங்கிற்று. அதன் பத்துத் தொகுதிகளும் 1976இல் முடிந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு. நடுவே 1972இல் தமிழிசைச் சங்கம் இசைப்பேரறிஞர் பட்டம் அளித்தது. எரிக்சன் தம் ஏழாம் பருவத்துக்குரிய பண்பாகக் கூறுவது அடுத்த தலைமுறையைப் பேணும் ஆவல். அது வற்றினால் தேக்கம். குழந்தை உள்ளத்தை எழுதியவர் முதுமையில் மீண்டும் குழந்தைகளிடம் வந்து சேர்ந்ததற்கு அக்கோட்பாடு பொருத்தமான விளக்கமே. எனினும் வித்யாலயத்து ஆசிரியர் ஒருபோதும் பணியிலிருந்து விலகவே இல்லை என்று கொள்வதும் பொருந்தும். கோட்பாட்டைவிட அது எளியது.

இவ்வரலாறு முழுதும் ஆண்மகனின் வரலாறாக இருப்பதைச் சொல்லாமல் விடமுடியாது. வனமலர்ச் சங்கத்தின் அறியப்பட்ட பெயர்கள் யாவும் ஆண்கள் பெயரே. எரிக்சனின் படிமுறையும் சூப்பரின் படிமுறையும் ஆணின் வாழ்வை அளவுகோலாகக் கொண்டவை. பெண்ணின் வளர்ச்சி உறவுகளின் வழியே வேறு தடத்தில் செல்வதைக் கரோல் கில்லிகன் 1982இல் எழுதியபோதுதான் அவ்வளவுகோல் வெளிப்படையாக வினாவுக்குள்ளானது. கோவையில் 1957இல் அவினாசிலிங்கம் பெண்களுக்கென மனையியல் கல்லூரியை நிறுவினார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. குழந்தை வளர்ச்சியைப் பாடமாகப் பயின்ற பெண்கள் அங்கிருந்து ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் வெளிவந்தனர். மனை என்ற சொல்லின் பெயரால் மனைக்கு வெளியே ஒரு தொழிலைத் தேடிக்கொண்ட அப்பெண்களின் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

இனிப் பெயருக்கு வரலாம். எரிக்சன் பிறப்பால் எரிக்சன் அல்லர். தம்மைப் பெற்ற தந்தை யாரென அறியாது வளர்ந்தவர். வளர்ப்புத் தந்தையின் பெயரான ஹோம்பர்கர் என்பதையே இளமையில் தாங்கியிருந்தார். 1939இல் அமெரிக்கக் குடிமகனானபோது எரிக்கின் மகன் எரிக் என்று பொருள்படும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். தனக்குத் தானே தந்தையான ஒருவர் அடையாளத்தை ஆராயப் புகுந்ததில் வியப்பில்லை.

கொங்கு நாட்டவரின் பெயர் இதற்கு நேர்மாறானது. ம. ப. பெரியசாமித் தூரன் என்ற பெயரில் ஊரும் தந்தையும் முதலெழுத்துகளாக நிற்கின்றன, நடுவே தாம், இறுதியில் குலம். தூரன் என்பது கொங்கு வேளாளர் குலப்பிரிவுகளுள் ஒன்றின் பெயர். அதைத் தாங்கியோர் தலைமுறை தலைமுறையாகப் பலர். பிறப்பால் வந்ததை உதறிவிட்டுப் புதுப்பெயர் புனைவது அக்கால எழுத்தாளர்களின் வழக்கம். இவர் பிறப்பால் வந்ததையே புனைபெயராக்கினார். தேர்வை விட்டவர், நிலத்தை விட்டு நகரில் வாழ்ந்தவர், குலம் சுட்டாத தமிழுக்குக் களஞ்சியம் தொகுத்தவர், குலப்பெயரை மட்டும் விடவில்லை. இது முரணாகத் தோன்றலாம். ஆனால் 1987ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் அவர் மறைந்தபோது, தமிழிசை மேடைகளில் அவர் பாடல்களைக் கேட்டோருள் பெரும்பாலோர்க்குத் தூரன் என்பது ஒரு குலத்தின் பெயர் என்பதே தெரியாது. அவர்களுக்கு அது ஒரே ஒருவரின் பெயர்.