யானைகவுனி: பெயரில் நிற்கும் நகர வாயில்

யானைகவுனி என்பது சென்னையில் சௌகார்பேட்டையை ஒட்டி, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வடக்கே உள்ள பகுதி. கவுனி என்ற சொல்லுக்குக் கோட்டை அல்லது நகர மதிலின் வாயில் என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் சென்னையின் மேற்கு மதிலில் இருந்த வாயில் ஒன்றின் பெயர்தான் இன்று பகுதியின் பெயராக வழங்குகிறது. வாயில் இப்போது இல்லை.

இந்த மதில் அச்சத்தில் பிறந்தது. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது; 1749இல்தான் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி அப்போது இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரம் இருந்தது. எதிரி மறைந்து நின்று சுட அந்த வீடுகள் உதவும் என்பதால் அது படிப்படியாக இடிக்கப்பட்டது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. இன்றைய உயர் நீதிமன்றம் நிற்பது அந்தப் பகுதியில்தான். மக்கள் வடக்கே முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை இந்தப் புதிய நகருக்குள்ளும் எளிதாகப் புகுந்தது. 1767இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சாந்தோம் வரை வந்து சூறையாடிச் சென்றது.

இதன் பிறகே, 1769 வாக்கில், பால் பென்ஃபீல்டு என்ற ஒப்பந்தக்காரரிடம் மதில் கட்டும் வேலை ஒப்படைக்கப்பட்டது. வடக்கிலும் மேற்கிலும் மட்டுமே மதில் எழுந்தது. கிழக்கே கடல், தெற்கே கோட்டையின் பீரங்கிகள். சூறையாடப்பட்ட சாந்தோமும் அதை அடுத்த மயிலாப்பூரும் மதிலுக்கு வெளியேதான் இருந்தன. கம்பெனி எதைக் காக்க நினைத்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்: துணி வணிகமும் அதை நடத்திய வணிகர்களின் கிடங்குகளும் நெருங்கியிருந்த பேட்டைகளை.

மதில் கட்டிய செலவைக் குடிமக்களிடம் வரியாக வசூலிக்கக் கம்பெனி எண்ணியது. அதற்குச் சட்ட அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழுந்ததால் திட்டம் கைவிடப்பட்டது. மேற்கு மதிலை ஒட்டிய சாலைக்கு மட்டும் ‘வால்டாக்ஸ் ரோடு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வசூலாகாத ஒரு வரிக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் கிடைத்தது விந்தைதான். பின்னாளில் வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றப்பட்ட பிறகும் பழைய பெயர் பேச்சில் நிலைத்துவிட்டது.

வாயிலின் நினைவு வேறு வழியிலும் உயிரோடு இருக்கிறது. திருமலை பிரம்மோற்சவத்துக்காக ஆண்டுதோறும் சென்னையிலிருந்து திருக்குடைகள் ஊர்வலமாகப் புறப்படுகின்றன. அவை கிளம்புவது, இடிக்கப்பட்ட பழைய கோயிலுக்கு ஈடாக மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று எழுப்பிய சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து. ஊர்வலத்தின் உச்சம் ‘கவுனி தாண்டுதல்’. குடைகள் யானைகவுனியை விரைந்து கடப்பதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். தாண்டுவதற்கு அங்கே வாயில் இல்லை. ஆனால் நகருக்கு உள்ளே எது, வெளியே எது என்ற பழைய கணக்கை அந்தச் சடங்கு இன்னும் வைத்திருக்கிறது.

எந்தப் பகைவருக்காகக் கட்டப்பட்டதோ, அவர்களின் முற்றுகையை இந்த மதில் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. 1780இல் ஹைதர் மீண்டும் படையெடுத்தபோது பஞ்சமும் அகதிகளுமே நகரை நெருங்கினர். வடக்கு மதிலுக்கு அப்பால் 1782இல் தொடங்கிய கஞ்சித்தொட்டி, மணியக்காரர் சத்திரமாகி, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு வித்திட்டது. போர் அச்சம் நீங்கிய 19ஆம் நூற்றாண்டில் மதில் நகரின் வளர்ச்சிக்குத் தடையாகத் தோன்றியது. பகுதி பகுதியாக அது அகற்றப்பட, வாயில்களும் மறைந்தன. இராயபுரம் அருகே பழைய சிறைச்சாலைச் சாலையில் ஒரு துண்டு மட்டும் எஞ்சியது. அதன் மேல்தளத்தில் பூங்கா அமைந்ததால் மக்கள் அதை ‘மாடிப் பூங்கா’ என்றனர்.

நகரம் பெருகும்போது மதிலும் வாயிலும் பிரிந்துபோவது வேறு ஊர்களிலும் நடந்திருக்கிறது. கொரியத் தலைநகர் சியோலில் 1398இல் கட்டி முடிக்கப்பட்ட சுங்நியேமுன் என்னும் தெற்கு வாயிலின் கதை சென்னைக்கு நேர் எதிரானது. ஜப்பானியர் ஆதிக்கம் ஓங்கிய காலத்தில், 1907–08இல், அதன் இருபுறமும் இருந்த மதில் இடிக்கப்பட்டது. வாயில் மட்டும் சாலை நடுவே தனித்து நின்றது. 2008 பிப்ரவரி 10 இரவு, நில இழப்பீட்டில் மனக்குறை கொண்ட முதியவர் ஒருவர் வைத்த தீயில் அதன் மர மாடங்கள் பெரும்பாலும் அழிந்தன. விபத்து நேர்ந்தால் உதவட்டும் என்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே 182 பக்கங்களில் விரிவான அளவீட்டு வரைபடங்கள் தயாரிக்கப்பட்டிருந்தன. மீட்புப் பணிக்கு அவை கைகொடுத்தன. 2013 மே மாதம் வாயில் திறக்கப்பட்டது. சில மாதங்களிலேயே புதிய வண்ணப்பூச்சு உரியத் தொடங்கியது. மரபு முறையில் செய்வதாகச் சொன்ன வேலை உண்மையில் அப்படிச் செய்யப்பட்டதா என்று அந்நாட்டில் பெரும் சர்ச்சை கிளம்பியது.

மாடிப் பூங்கா மதில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டு தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின்படியும் அதன் பிற்காலத் திருத்தத்தின்படியும், இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. நெரிசல் மிகுந்த இந்தப் பகுதியில் அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. பராமரிப்பிலும் கவனம் தேவை. பழைய செங்கல்–சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருக்கும் செங்கல் உதிரும். விரிசலில் முளைக்கும் அரசங்கன்றை வேரோடு எடுக்காவிட்டால் அது சுவரையே பிளக்கும்.