பேர் சொன்னால் போதும் என்ற விதி

இறம்பொடையிலிருந்து புஸல்லாவை வரைக்கும் தோட்டத்து ஒபிஸ்களில் கம்பியூட்டர் பார்ப்பது என் வேலை. செக்ரோல் சம்பளக் கணக்கிலிருந்து கொழும்போடு நடக்கும் கூட்டம் வரை எல்லாம் இப்போது அந்தப் பெட்டிக்குள்தான்.

விண்டோஸில் ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய டிஎல்எல் கோப்பை, அதாவது வேலைக்குத் துணையாக வரும் கோட் கோப்பை, பெயர் சொல்லித்தான் கூப்பிடும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி பெயர் வாசிக்க, முன்னால் நிற்கிற எவனோ குரல் கொடுத்தால் அவனுக்கே பேர் விழுகிற கதைதான். பழைய விண்டோஸ் முதலில் புரோகிராமின் சொந்தப் போல்டரைப் பார்க்கும். அடுத்து, சிஸ்டம் போல்டருக்கும் முன்னதாக, நாம் டபுள் கிளிக் செய்த கோப்பு கிடக்கிற போல்டரைப் பார்க்கும். வினையே அங்கேதான்.

2000 செப்டம்பரில் பல்கேரியாவின் பாதுகாப்பு ஆய்வாளர் கியோர்கி குனின்ஸ்கி இதை வெளியே சொன்னார்: வேர்ட் கோப்புக்குப் பக்கத்தில் 'ரிச்எட்20.டிஎல்எல்' என்ற பெயரில் எதைப் போட்டுவைத்தாலும் வேர்ட் அதை ஓட்டிவிடும். மறு செப்டம்பரில் நிம்டா புழு அதே பெயரில் போல்டர் போல்டராகப் போய் உட்கார்ந்தது.

2004இல், விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேர்விஸ் பெக்கோடு, நாம் திறந்த கோப்பு கிடக்கிற அந்தப் போல்டரைத் தேடும் வரிசையில் பின்னுக்குத் தள்ளினார்கள். தள்ளினார்களே தவிர நீக்கவில்லை. கேட்ட டிஎல்எல் சிஸ்டத்தில் இல்லையென்றால் தேடல் சுற்றி அங்கேதான் வரும். 2010 ஆகஸ்டில் ஸ்லோவேனியாவின் அக்ரோஸ் நிறுவனமும் பாதுகாப்பு ஆய்வாளர் எச்.டி. மூரும் இதைக் கிளறியதும் புரோகிராம்கள் வரிசையாக மாட்டின. மைக்ரோசொஃப்ட் 2269637ஆம் இலக்க அறிவித்தலை விட்டது; கூடவே ஒரு தடுப்பும் தந்தது. ஆனால் விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் நாமே ஒரு வரி எழுதினால்தான் அது முழுதாக வேலை செய்யும். பழைய புரோகிராம்கள் படுத்துவிடும் என்ற பயம். பயம் நியாயம்தான். ஆனால் விதியை வகுத்தவர்கள் விதியைத் திருத்தாமல், கவனமாக எழுதுங்கள் என்று புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் புத்தி சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

2012 ஜூனில் மைக்ரோசொஃப்டின் சொந்த லிங்க்கே அகப்பட்டது. ஒபிஸ் கூட்டங்களுக்கும் செய்திகளுக்குமான மென்பொருள் அது. பகிர்ந்த போல்டர் ஒன்றில் '.ஓசிஎஸ்மீட்' கூட்டக் கோப்பும் பக்கத்திலேயே ஒரு கள்ள டிஎல்எல்லும் இருந்தால் போதும்; கோப்பைத் திறந்தவரின் கம்பியூட்டர், கள்ளக் கோப்பை வைத்தவன் கைக்குப் போய்விடும். எம்எஸ்12-039 என்ற பெட்ச் வந்து அடைத்தது. இந்த வகை மென்பொருளில் இது கூடுதல் ஆபத்து என்பேன். கூட்டம் என்று தலைமையகத்திலிருந்து கோப்பு வந்தால் எந்தக் கிளாக்கரையா திறக்காமல் இருப்பார்?

2023 மார்ச்சில் த்ரீசிஎக்ஸ் என்ற ஒபிஸ் தொலைபேசி மென்பொருளுக்கு நடந்தது வேறு ரகம். கள்ளக் கோப்பு வெளியிலிருந்து வரவில்லை. நிறுவனத்தின் சொந்த இன்ஸ்டோலருக்குள்ளேயே இருந்தது. அந்தக் கள்ளக் கோப்பு கூப்பிட்ட இன்னொரு டிஎல்எல்லில் மைக்ரோசொஃப்டின் கையொப்பம். அந்த டிஎல்எல்லின் வாலில் கள்ளக் கோட் ஒட்டியிருந்தும் கையொப்பம் சரி என்றே விண்டோஸ் காட்டியது. அதைப் பிடிக்கிற கடுமையான சரிபார்ப்பு 2013 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அதையும், வேண்டியவர்கள் ரெஜிஸ்ட்ரியில் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் விட்டிருந்தார்கள்.