ஊவா மலையகத்தின் ஒப்பொலிக் குறுஞ்சொற்கள்

ஒப்பொலிக் குறுஞ்சொற்கள் என்பவை, ஓரிரு அசையளவே நீண்டு, வெவ்வேறு மொழிகளில் ஒரே ஒலியோடோ மிக நெருங்கிய ஒலியோடோ வழங்கி, பொருளாலும் பிறப்பாலும் வேறுபடும் சொற்கள். உலகின் எந்த இரு மொழிகளை எடுத்தாலும் இத்தகைய சொற்கள் சில கிடைக்கும். பல மொழிகள் ஒரே தெருவில் புழங்கும் இடங்களில் அவை அன்றாடப் பேச்சிலேயே மோதிக்கொள்கின்றன. இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, பசறை போன்ற தோட்டப்புற ஊர்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

மொழிச்சூழல்

ஊவா 1886-இல் தனி மாகாணமாக்கப்பட்டது. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது, தலைநகர் பதுளை. பேரகலையிலிருந்து பண்டாரவளை வழியாக வரும் ஏ16 வீதி, வெலிமடைப் பக்கமிருந்து வரும் ஏ5 வீதியோடு சேருமிடம் ஹாலிஎல. மலையக ரயில்பாதை 1924-இல் பதுளையை எட்டியது. அப்பாதையில் பதுளைக்கு முந்திய நிலையமும் ஹாலிஎலதான்.

சிங்களம் இந்தோ-ஆரிய மொழி. தமிழ் திராவிட மொழி. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்தவர்களின் தமிழ், கிராமத்துச் சிங்களத்தோடும் துரைமாரின் ஆங்கிலத்தோடும் கலந்து பழகியது. இவற்றுக்கு முன்பே போர்த்துக்கீசியமும் டச்சும் தீவின் மொழிகளில் சொற்களை விட்டுச் சென்றிருந்தன. ஆகவே இங்கே வழங்கும் ஒரு குறுஞ்சொல் நான்கைந்து வழிகளில் எதன் மூலமும் வந்திருக்கலாம்.

ஊர்ப்பெயர்களின் ஈறுகள்

சிங்கள ஊர்ப்பெயர்கள் பல அகர ஈற்றில் முடிபவை. நீண்ட காலமாகத் தமிழில் வழங்கிய பெயர்களில் இந்த ஈறு ஐகாரமாக மாறியிருக்கிறது. பதுளை, பசறை, வெலிமடை, லுணுகலை, மொனராகலை ஆகியவை அவ்வாறு அமைந்தவை. இந்த மாற்றத்தால் பெயரின் கடைத்துண்டு தற்செயலாக ஒரு தமிழ்ச்சொல்லின் வடிவை அடைகிறது.

மொனராகலையில் ‘மொனர’ என்பது மயில், ‘கல’ என்பது பாறை. தமிழ் வடிவத்தில் அந்தப் பாறை ‘கலை’ ஆகிறது. வெலிமடையில் ‘வெலி’ மணலையும் ‘மட’ சேற்றையும் குறிக்கும். தமிழ்க் காதுக்கு அது நீர் பாயும் மடை. பண்டாரவளையின் ஈற்றிலுள்ள ‘வெல’ நெல்வயல். தமிழில் எழுதியதும் கையில் அணியும் வளையாகவும் எலி வளையாகவும் தோன்றுகிறது. தமிழ் எழுத்தில் ககரத்துக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் தனித்தனிக் குறியில்லை என்பதால், சிங்களத்தில் வேறுவேறாக ஒலிக்கும் சொற்களும் ஒரே எழுத்துருவில் வந்து விழுகின்றன. ஹாலிஎல, எல்ல ஆகிய இரண்டும் இந்த ஐகார மாற்றத்துக்கு உட்படாமல் சிங்கள ஈற்றோடே தமிழில் நிலைத்தவை.

எல, எல்ல, எல்

ஹாலிஎலவின் ‘எல’ நீரோடையை அல்லது வாய்க்காலைக் குறிக்கும் சிங்களச் சொல். எல்ல ஊரின் பெயரிலுள்ள ‘எல்ல’ நீர்வீழ்ச்சி. இரண்டின் முதல் உயிரும் அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே ஒலிப்பது. தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் எகரமே இடப்படுகிறது. ஓடையைக் குறிக்கும் சொல்லைச் சிங்கள அகராதிகள் ளகரத்தால் எழுதும். லகரத்தால் எழுதினால் ‘சாய்வு’ என்று பொருள். இன்றைய சிங்களப் பேச்சில் லகர ளகர வேறுபாடு ஒலியில் இல்லை. எழுத்தில் இரண்டாக இருப்பவை காதில் ஒன்றாகிவிடுகின்றன.

பேச்சுத் தமிழில் ‘எல’ என்றால் இலை. சோற்றுக்குப் போடும் வாழை இலையும் வெற்றிலைத் தட்டின் இலையும் பேச்சில் ‘எல’தான். கன்னடத்தில் இலையைக் குறிக்கும் ‘எலெ’ இதே திராவிட வேரிலிருந்து வந்தது. கன்னட ‘எல்ல’ என்பதோ ‘எல்லாம்’ எனப் பொருள்படும். தமிழ் ‘எல்லா’வின் உறவு. சிங்கள ‘எல்ல’வோடு அதற்குத் தொடர்பில்லை. ‘இராவணா எல்ல நீர்வீழ்ச்சி’ என்று தமிழில் எழுதும்போது நீர்வீழ்ச்சி இருமுறை சொல்லப்படுகிறது. சிங்களம் அறியாத வாசகருக்கு அந்தக் கூறியதுகூறல் புலப்படாது.

ஈற்று உயிரை நீக்கிவிட்டால் வட்டம் இன்னும் விரியும். பழந்தமிழில் ‘எல்’ ஒளியையும் பகலையும் குறிக்கும். தொல்காப்பிய இடையியல் இச்சொல்லுக்குப் பொருள் கூறுகிறது. எபிரேயத்தில் ‘எல்’ கடவுள். துருக்கியத்தில் ‘எல்’ கை. ‘எலிக்’ என்ற பழைய வடிவம் தேய்ந்து வந்தது. ஸ்பானியத்தில் ‘எல்’ ஆண்பாற் பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் சுட்டு. பிரெஞ்சில் அதே ஒலி ‘அவள்’. இந்த வரிசையில் ஸ்பானியமும் பிரெஞ்சும் மட்டுமே உடன்பிறப்புகள். இரண்டும் லத்தீனின் ‘இல்லெ’, ‘இல்லா’ என்ற சுட்டுகளிலிருந்து வந்தவை. மற்றவை ஒன்றுக்கொன்று அந்நியமானவை.

தோட்டத்துச் சொற்கள்

லயம்: தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு மலையகத்தில் வழங்கும் பெயர். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அமைந்த காம்பராக்களைக் கொண்ட நீண்ட கட்டடம் இது. ஆங்கில ‘லைன்’ என்பதே லயன், லயம் என்று திரிந்தது, சிங்களத்தில் ‘லயிம’. அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீனில் சணல்வகை நாரைக் குறித்த ‘லீனும்’. இசையில் தாள ஓட்டத்தைக் குறிக்கும் ‘லயம்’ வடமொழிச் சொல். ஒடுங்குதல், ஒன்றுதல் என்ற பொருளிலிருந்து வந்தது. குதிரை கட்டும் ‘லாயம்’ மூன்றாவது. குடியிருப்பின் அவலத்தைச் சொல்லும்போது லாயத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டதால், பெயரே அதிலிருந்து வந்தது என்று நம்புவோரும் உண்டு. அது பொருளால் தோன்றிய மயக்கம். சிங்களத்தில் ‘லய’ நெஞ்சைக் குறிப்பது. ‘காம்பரா’ போர்த்துக்கீசிய ‘காமரா’ வழி வந்தது. ஆக, ‘லயத்துக் காம்பரா’ என்ற தொடரில் இரண்டு ஐரோப்பிய மொழிகள் அடுத்தடுத்து நிற்கின்றன.

பெரட்டு: காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் நிகழ்வு, அது நடக்குமிடம் பெரட்டுக்களம். ஆங்கிலத்தின் ‘பரேட்’ என்ற படையணிச் சொல்லே இவ்வாறு உருமாறியது. கறியைப் பெரட்டுவதும் மண்ணைப் பெரட்டுவதும் தமிழின் ‘புரட்டு’ என்ற வினையின் பேச்சு வடிவம். கடன்சொல் உள்ளூர்ச் சொல்லின் உடையை அணிந்துகொண்டதற்கு இது நல்ல சான்று.

துண்டு: தமிழில் நறுக்கிய பகுதியும் தோளில் போடும் துணியும். தோட்டத்தில் அது தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டு. அந்தக் கடனைத் தீர்த்தாலன்றி ஆள் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. இந்தத் துண்டுமுறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆங்கில அரச ஆவணங்கள் இச்சொல்லை மொழிபெயர்க்காமலே ஆண்டன. சிங்களத்தில் ‘துண்டுவ’ இன்றும் சிறு காகிதச் சீட்டைக் குறிக்கிறது.

கூலி: தமிழில் வேலைக்கான ஊதியம். ஆங்கிலத்தில் இச்சொல் ஊதியத்தை விட்டு ஆளின்மேல் ஏறி, இழிபெயராகி, கரீபியன் தீவுகள், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா வரை சென்றது. தமிழ்ச் சொல்லே மூலம் என்பது ஒரு கருத்து. குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இரண்டும் கலந்திருக்கலாம் என்போரும் உண்டு. சீனர்கள் அதைக் ‘கசப்பு’, ‘வலிமை’ என்ற இரு எழுத்துகளால் எழுதி, ஒலிக்குப் பொருளும் சேர்த்துக்கொண்டனர். துருக்கியத்தில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ ஒலியாலும் பொருளாலும் அருகில் நிற்கிறது. ஒற்றுமை எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்பதைக் காட்டவே அது பயன்படும். சிங்களத்துக்குள் போன கூலி வேறு திசையில் நடந்தது. பதுளைத் தெருக்களில் வீட்டு வாசலில் ‘குலியட்ட’ என்று பலகை தொங்கினால் வீடு வாடகைக்கு உண்டு என்று பொருள்.

தே

நன்னூல் தொகுத்த ஓரெழுத்து ஒருமொழிகள் 42. அவற்றுள் ‘தே’ தெய்வத்தைக் குறிக்கும். தேயிலையின் ‘தே’ அதுவன்று. சீனாவின் தென்கிழக்குக் கரையில் வழங்கும் மின்நான் பேச்சில் தேயிலைச் செடிக்குப் பெயர் ‘தே’. அங்கே வாங்கிக் கப்பலேற்றிய டச்சு வணிகர்கள் வழியாக அந்த ஒலி ஐரோப்பாவின் பல மொழிகளில் பரவியது. மக்காவ் வழி வாங்கிய போர்த்துக்கீசியரும், தரைவழி வாங்கிய பாரசீகரும் ‘சா’, ‘சாய்’ என்ற வடிவைக் கொண்டுபோயினர். இந்தியின் சாயும் மலையாளத்தின் சாயாவும் அந்தக் கிளை.

ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் வணிக முறைத் தேயிலைப் பயிரைத் தொடங்கினார். 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், ஊவாவின் மலைகளையும் தேயிலை பிடித்தது. சிங்களத்தில் பானம் ‘தே’. மலையகத் தமிழில் ‘தேத்தண்ணி’. ஸ்பானியத்தில் எழுத்தின்மேல் இடும் ஒரு சிறு கோடுதான் தேநீரையும் ‘உன்னை’ என்ற சொல்லையும் பிரித்துக் காட்டுகிறது. யப்பானியத்தில் ‘தெ’ என்றால் கை. நியூசிலாந்தின் மவோரி மொழியில் அது பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் சுட்டு.

மல்லி

சந்தையில் தமிழர் ‘மல்லி’ கேட்டால் அது கொத்தமல்லி, பூக்கடையில் மல்லிகை. சிங்களத்தில் ‘மல்லி’ தம்பி. கடைக்காரர் தம்மைவிட இளையவரை அழைப்பதும் அப்படித்தான். சமையற் பொருளுக்குச் சிங்களம் தமிழின் ‘கொத்தமல்லி’யையே முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே உறவுப்பெயரும் கடன்சொல்லும் அங்கே குழம்புவதில்லை. மயக்கம் ஏற்படக்கூடிய இடத்தில் நீண்ட வடிவத்தைக் கைக்கொள்வது மொழிகள் பொதுவாகக் கையாளும் வழி.

மழலைச் சொற்கள்

சிங்களத்தில் ‘மம’ என்றால் நான். அதன் உயிர்களை நீட்டினால் தமிழைப் போலவே மாமா. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ‘மாமா’ தாய். ஜார்ஜிய மொழியில் தந்தை. அங்கே தாய்க்குப் பெயர் ‘தெத’. மொழியியலாளர் ரோமான் யாக்கப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் இதற்குக் காரணம் கூறினார்: உதடு மூடித் திறக்கும் மகர, பகர ஒலிகள் குழந்தைக்கு முதலில் கைவரும், அவற்றை அருகிலுள்ள பெரியவர்கள் தம்மைக் குறிப்பனவாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வகை ஒற்றுமை மொழிகளின் உறவுக்குச் சான்றாகாது. சிங்கள ‘மம’ மட்டும் மழலையிலிருந்து வந்ததன்று; ‘என்னுடைய’ என்ற வடமொழி வடிவின் வழிவந்தது.

காரணமும் பிறப்பறியும் முறையும்

ஒரு மொழியில் சொல்லின் தொடக்கத்தில் வரத்தக்க ஒலிகள் சில பத்துகளே. ஓரசைச் சொற்களுக்கான வாய்ப்புகள் விரைவில் தீர்ந்துவிடும். அதிகம் புழங்கும் சொற்கள் தேய்ந்து குறுகுவதும் சேர்வதால், குறுஞ்சொற்கள் மொழிக்கு மொழி ஒத்துப்போவது தவிர்க்க முடியாதது. ஒலியும் பொருளும் சேர்ந்தே ஒத்துப்போவதும் அரிதாக நிகழும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் பதிவுசெய்த ம்பாபரம் மொழியில் நாய்க்குப் பெயர் ஆங்கிலத்தைப் போலவே ‘டாக்’. அண்டை மொழிகளில் ‘குடகா’ என்றிருக்கும் சொல் முறையான ஒலிமாற்றங்களால் அப்படித் தேய்ந்தது. ஆங்கிலத்திலிருந்து அது வரவில்லை.

ஆகவே தனியொரு சொல்லின் ஒலியை வைத்துப் பிறப்பைத் தீர்மானிக்கலாகாது. ஒரே வகையான ஒலிமாற்றம் பல சொற்களில் தொடர்ந்து காணப்படுகிறதா, பழைய வடிவம் எது, சொல்லைக் கொண்டுவந்தவர் யார், அது எந்தப் பொருளோடு வந்தது என்பவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கன்னட ‘எலெ’, தமிழ் ‘இலை’ உறவு முதற் சோதனையில் தேறுகிறது. லயம், பெரட்டு, தே ஆகியவற்றின் வரலாறு தோட்டம், படையணி, கப்பல் வணிகம் ஆகியவற்றின் தடத்தால் உறுதியாகிறது. ஓடை ‘எல’வும் இலை ‘எல’வும் எந்தச் சோதனையிலும் சேர்வதில்லை. ஊர்ப்பெயருக்குத் தமிழ்ப்பொருள் கண்டு வரலாறு எழுதுவோரும், தமிழ்ப்பெயரைச் சிங்களத்தில் பிரித்துப் பொருள் சொல்வோரும் தவறுவது இந்தச் சோதனைகளைத் தாண்டிக் குதிப்பதால்தான்.