தணிப்பும் தடுப்பும்: ஒரு மருத்துவச் சொல்லின் வரலாறு

இலத்தீனில் விருந்தோம்பலைக் குறித்த சொல்லடியாகப் பிறந்தது 'ஹாஸ்பிஸ்'. ஐரோப்பாவில் அது யாத்திரிகர் தங்குமிடத்தைச் சுட்டியது. திருப்பதிச் சத்திரங்களை அறிந்தோர்க்கு இப்பொருள் புதிதன்று. 1967இல் சிசிலி சாண்டர்ஸ் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய பின்னர், இறுதிநிலை நோயாளரைப் பேணுமிடம் என்னும் பொருள் உலகெங்கும் பரவியது. பிரெஞ்சு மொழியில் அச்சொல் ஆதரவற்றோர் விடுதியைக் குறித்தமையால், மாண்ட்ரியல் மருத்துவர் பால்ஃபர் மவுண்ட் 1970களில் 'பேலியேட்டிவ் கேர்' என்னும் தொடரை ஆக்கினார். போர்வையைக் குறிக்கும் 'பல்லியம்' அதன் வேர். இந்தியாவில் 1986இல் பம்பாயில் சாந்தி அவேதனா ஆசிரமமும், 1993இல் கோழிக்கோட்டில் வலிதணிப்பு மருத்துவமனையும் தோன்றின.

தெலுங்கில் இது 'உபசமன சம்ரக்ஷண' என வழங்குகிறது. உபசமனம் என்பது தணித்தல். தமிழிலோ வழக்கு ஒருமைப்படவில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 'நோய் ஆதரவு சிகிச்சை' என்கிறது. இத்தொகையை நான்காம் வேற்றுமையாக விரிப்பின் 'நோய்க்கு ஆதரவு' எனப் பொருள் பிறழும். 'நோய்த்தடுப்புச் சிகிச்சை' என்னும் பெயர்ப்போ முற்றிலும் பிழை. தடுத்தல் நோய் வருமுன் செய்வது. தணித்தல் நோய் தீராதெனத் தெரிந்த பின்னும் செய்வது.

தமிழும் தெலுங்கும் வழங்கும் சித்தூரிலிருந்து வேலூருக்குச் சிகிச்சைக்காகச் செல்லும் குடும்பம், தெலுங்குத் தாளில் தணிப்பு என்றும் தமிழ்த் தாளில் தடுப்பு என்றும் படிக்க நேர்ந்தால் எதை நம்பும்? எஞ்சிய நாள்களை எவ்வாறு கழிப்பது என்னும் முடிவு அச்சொல்லைச் சார்ந்தது. ஆதலின் 'நோய்த்தணிப்புப் பேணல்' என்பதே ஏற்புடையது எனலாம்.