மகளினும் இளைய தாய்

கோட்டூர்புரத்தில் 1988இல் எழுந்த பிர்லா கோளரங்கின் கவிகையடியில் விண்மீன்கள் நகரக் காண்கிறோம். பேரண்டம் விரிவதையோ கணக்கால்தான் அறிகிறோம்.

விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ற வேகத்தில் விலகுகின்றன என்று 1929இல் ஹபிள் காட்டினார். சுமார் 33 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு வினாடிக்கு 500 கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு. அதைப் பின்னோக்கி ஓட்டினால் பேரண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுகளே! பூமியின் பாறைகளோ அதனினும் மூத்தவை. மகளைவிடத் தாய் இளையவளாவது எங்ஙனம்?

பிழை வேகத்தில் அன்று, தொலைவில். பாரசீக அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964 அளவில் சிறு மேகமெனக் குறித்த ஆண்ட்ரோமெடாவை ஆராய்ந்த வால்டர் பாடே, அளவுகோலாய் நின்ற சிஃபீடு விண்மீன்கள் இருவகை என்று கண்டு 1952இல் அறிவித்தார். தொலைவு இரட்டித்தது, வயதும் இரட்டித்தது. இன்று அவ்வேகம் ஏறத்தாழ 70. வயது 1,380 கோடி ஆண்டுகள். 67ஆ, 73ஆ என்னும் வழக்கு மட்டும் தீரவில்லை.

அந்த ஆண்ட்ரோமெடாவோ, ஈர்ப்பு விசையால் நம்மை நோக்கியே வருகிறது.