பரதேசி

பர என்றால் பிற, தேசம் நாடு. பிற நாட்டான் என்பதற்குமேல் இந்த வடசொல்லில் பழி ஏதும் இல்லை. காவியுடுத்தித் தலம்தலமாக அலைந்த துறவிகளைத் தமிழில் பரதேசி என்றார்கள். அவர்கள் கையேந்தி உண்டதால் சொல் பிச்சைக்காரருக்குப் போய், கடைசியில் வசவாயிற்று. கிட்டத்தட்ட அதே பொருளுள்ள தேசாந்திரி மட்டும் இன்றும் மதிப்போடு புழங்குவது எனக்கு வருத்தம்தான்.

பழைய பொருள் கொச்சியில் பிழைத்திருக்கிறது. 1492இல் ஸ்பெயின் துரத்திய யூதர்களில் சிலர் கொச்சிக்கு வந்து, முன்பே அங்கிருந்த மலபார் யூதர்களோடு சேர்ந்தனர். வந்தவர்கள் பரதேசி யூதர். மட்டாஞ்சேரியில் 1568இல் அவர்கள் எழுப்பிய தொழுகைக்கூடத்துக்குப் பெயரே பரதேசி சினகாக். தரையெங்கும் நீலச் சித்திரம் தீட்டிய சீன ஓடுகள். 1948இல் இஸ்ரேல் உருவானபின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது குழுவாக வந்து பார்ப்பது அந்தக் கூடம் இருக்கும் தெருவைத்தான்.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலராமபுரத்தில் நெசவு செய்யும் சாலியரின் முன்னோரும் இந்தச் சொல்லின் முதற்பொருளுக்கு உரியவர்களே. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் (1798–1810) தமிழகத்திலிருந்து நெய்ய அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். அதே வட்டாரத்து நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கம் தமிழ் பேசும் வீடுகளில் பிள்ளையைப் “பரதேசி” என்று திட்டுமுன் இதை நினைக்கலாம்.