சான்று இல்லாத இடத்தில் என்ன செய்வது? அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் டிஜிட்டல் வரலாற்றுப் படைப்புகள் குறித்து

அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் தம் நாட்டு வரலாற்றைப் படமாகவும் இணையதளமாகவும் ஆக்கிக் காட்டும் முயற்சிகளுள் மிகப் பெரியது ‘தேசிய வரலாற்று நாள்’ என்னும் போட்டி. ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் டேவிட் வான் டாஸல் 1974இல் உள்ளூர் அளவில் தொடங்கியது அது. இன்று 6 முதல் 12 வரையிலான வகுப்புகளில் ஆண்டுதோறும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்கிறார்கள். இறுதிச் சுற்று மேரிலாந்து பல்கலைக்கழக வளாகத்தில் ஜூன் மாதம் நடக்கிறது. கட்டுரை, கண்காட்சி, நடிப்பு ஆகியவற்றோடு ஆவணப்படம், இணையதளம் என்ற இரு பிரிவுகளும் உண்டு. ஆவணப்படம் 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இணையதளத்தில் மாணவரின் சொந்த எழுத்து 1,200 சொற்களுக்குள் அடங்க வேண்டும். எந்த முறையில் ஆய்வு செய்தோம் என்பதைச் சொல்லும் சிறு கட்டுரையும், குறிப்புரையுடன் கூடிய சான்றுப் பட்டியலும் உடன் வர வேண்டும்.

இத்தகைய படைப்புகளை ஆதரிப்போர், மாணவரின் ஆர்வம் கூடுகிறது என்கிறார்கள். எதிர்ப்போர், பளபளப்பு மிஞ்சுகிறது, படிப்பு குறைகிறது என்கிறார்கள். இரு தரப்பும் விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. வரலாற்றில் சான்று கிடைக்காத இடங்கள் ஏராளம். அந்த இடத்தை ஒரு பதினாறு வயது மாணவர் தம் படத்தில் எப்படிக் கையாளுகிறார்? டிஜிட்டல் படைப்பு வரலாற்றுக் கல்வியாகிறதா, வெறும் தொழில்நுட்பப் பயிற்சியாக நின்றுவிடுகிறதா என்பதை இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

எழுத்துக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்ப்போம். கட்டுரை எழுதும் மாணவர், ‘இதுபற்றி ஆவணம் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதி மேலே போகலாம். ஆவணப்படத்தில் அந்த வரியைச் சொல்லும் நேரத்திலும் திரையில் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். படத்தொகுப்பு மென்பொருளின் காலக்கோட்டில் காலியான நொடி பிழையாகத் தெரிகிறது. அதை நிரப்பச் சொல்லிக் கை பரபரக்கிறது. உடனே வேறு ஊரின், வேறு ஆண்டின் புகைப்படம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்ப்பவருக்கு அது சான்றாகிவிடுகிறது. மாணவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பொய்யான அறிவு ஒன்று பிறந்துவிட்டது.

இந்த ஆபத்து எவ்வளவு உண்மையானது என்பதற்கு ஸ்டான்ஃபோர்ட் வரலாற்றுக் கல்விக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு சான்று. 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு மங்கலான காணொளியைக் காட்டினார்கள். அமெரிக்கத் தேர்தலில் வாக்குப்பெட்டியில் கள்ளச் சீட்டுகள் திணிக்கப்படுவதாக அது சொல்லிக்கொண்டது. உண்மையில் அது ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. மாணவர்களில் 52 விழுக்காட்டினர் அதை வலுவான சான்று என்றே எடுத்துக்கொண்டார்கள். இக்குழுவின் நிறுவனர் சாம் வைன்பர்க் 1991இலேயே, வரலாற்றறிஞர்களும் பள்ளி மாணவர்களும் ஒரே ஆவணங்களைப் படிக்கும் விதத்தை ஒப்பிட்டிருந்தார். அறிஞர்கள் முதலில் ஆவணத்தை எழுதியது யார், எப்போது என்று பார்த்தார்கள். மாணவர்களோ முதல் வரியிலிருந்து நேரே வாசித்துக்கொண்டு போனார்கள். காணொளியைப் பார்ப்பதிலும் இதே பழக்கம்தான் தொடர்கிறது.

உள்நாட்டுப் போரைப் பற்றிய மாணவர் படங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் குழுவினர் எடுத்தது. இரு பாறைகளுக்கு இடையே கற்சுவர். அதன் அடியில் இறந்து கிடக்கும் தென்படை வீரன். சுவரில் சாய்த்து வைத்த துப்பாக்கி. மறைந்திருந்து சுட்டவனின் கடைசி இடம் என்று கார்ட்னர் விளக்கம் எழுதினார். சில மாதங்கள் கழித்து அதே இடத்துக்குப் போனபோது எலும்புகளும் துப்பாக்கியும் அப்படியே இருந்ததாகவும் சேர்த்துக்கொண்டார். 1975இல் வில்லியம் ஃபிராசனிட்டோ, பிற படங்களோடு ஒப்பிட்டு, அந்த உடல் வேறோரிடத்தில் முதலில் படமெடுக்கப்பட்டு, பிறகு இங்கே தூக்கி வரப்பட்டது என்று காட்டினார். துப்பாக்கியும் மறைந்து சுடுவோர் பயன்படுத்தும் வகை அன்று.

இப்போது ஒரு மாணவரின் திரையை நினைத்துப் பாருங்கள். கென் பர்ன்ஸ் 1990இல் எடுத்த உள்நாட்டுப் போர் தொடருக்குப் பிறகு, அசையாப் படத்தின் மீது காமிராவை மெல்ல நகர்த்தி நெருங்கும் உத்தி அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆப்பிளின் ஐமூவி மென்பொருளில் அது ஒரு சொடுக்கில் கிடைக்கிறது. காமிரா துப்பாக்கியிலிருந்து முகத்துக்கு மெல்ல நகர, வயலின் ஒலிக்க, கார்ட்னரின் கதை மறுபடி நிறுவப்பட்டுவிடுகிறது. ஆனால் அதே மென்பொருளில் அதே மாணவர் இரு படங்களையும் அருகருகே வைத்து, அதே முகம், அதே உடை, வேறு இடம் என்று காட்டவும் முடியும். அச்சிட்ட கட்டுரையில் இரண்டு பக்கம் பிடிக்கும் வாதம் திரையில் எட்டு நொடியில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். டிஜிட்டல் வடிவத்தை நான் ஆதரிப்பது இந்த எட்டு நொடிக்காகத்தான்.

இதைவிடக் கடினமான சோதனை, குரல்களின் விஷயத்தில் வருகிறது. 1936 முதல் 1938 வரை, கூட்டாட்சி அரசின் எழுத்தாளர் திட்டம், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற முதியவர்களை நேர்கண்டு 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைத் திரட்டியது. காங்கிரஸ் நூலகம் அவற்றை இணையத்தில் வைத்திருப்பதால், மாணவர்கள் குரல்பதிவுத் தொடர் செய்யும்போது முதலில் தேடிப் போவது இங்கேதான். வாக்குமூலத்தை யாராவது உணர்ச்சியோடு வாசித்துப் பதிவு செய்வார்கள், பின்னணியில் ஆன்மிகப் பாடல் ஒலிக்கும், கேட்பவர் கலங்குவார். ஆனால் வாசிக்கப்படுவது யாருடைய சொற்கள்?

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சூசன் என்ற மூதாட்டி இருமுறை நேர்காணப்பட்டார். வெள்ளையரான ஜெஸ்ஸி பட்லரிடம் பேசியபோது, தம் எசமான் நல்லவர் என்றார், கொடுமைகளைக் குறைத்தே சொன்னார். வந்திருப்பவர் நலத்துறையிலிருந்து வந்தவர், உதவித்தொகைக்கு வழி செய்வார் என்ற எண்ணம் அந்தப் பேச்சின் பின்னால் இருந்தது. கறுப்பினத்தவரான அகஸ்டஸ் லாட்ஸனிடம் பேசியபோது கதை மாறியது. பிள்ளையை, தாயை, உடன்பிறந்தவரைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கி விற்றதும், இரவும் பகலும் எழுந்த அலறலும் அந்த வாக்குமூலத்தில் வருகின்றன. பெயர்கூட ஒன்றில் ஹாம்லின், மற்றதில் ஹாமில்டன். பொருளாதார மந்தக் காலத்தில், வறுமையில் வாழ்ந்த ஒரு கறுப்பினப் பெண், வெள்ளைக்காரி ஒருத்தி கதவைத் தட்டும்போது என்ன பேசுவார் என்பதை இந்த இரு ஆவணங்களும் சேர்ந்துதான் சொல்கின்றன. தனித்தனியே எடுத்தால் இரண்டுமே ஏமாற்றும்.

ஒரு மாணவர் பட்லரின் பதிவை மட்டும் எடுத்து உருக்கமாக வாசித்தால், அடிமை முறைக்கு நற்சான்று கொடுத்தவராகிறார். லாட்ஸனின் பதிவை மட்டும் வாசித்தால், சரியான பக்கம் நின்றிருக்கிறார், ஆனால் சான்றைச் சோதிக்கவில்லை. இரண்டையும் இரு ஒலித்தடங்களாகப் பதிந்து, ஒன்று முடிந்ததும் மற்றதைக் கேட்கவைத்து, நடுவே ‘கேட்டவர் யார்’ என்ற கேள்வியை வைத்தால் அவர் வரலாற்றாசிரியரின் வேலையைச் செய்துவிட்டார். மூதாட்டியின் உண்மையான குரல் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது பிறர் எழுதிய எழுத்து. அதைப் படைப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். நடித்து வாசிக்கும் குரல் அந்த இல்லாமையை மூடிவிடுகிறது என்பதால், முதன்மை வாக்குமூலங்களை மாணவர்கள் பேச்சுவழக்கைப் போலி செய்து நடித்து வாசிப்பதை நான் ஏற்கமாட்டேன். சாதாரணக் குரலில் வாசிப்பதே நேர்மை.

வரைபடங்களும் இதே வகையில் ஏமாற்றக் கூடியவை. 1933இல் அமைந்த வீட்டு உரிமையாளர் கடன் கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று கடன் அபாயத்தின்படி தரம் பிரித்து வரைந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் 2016இல் இவற்றை இணையத்தில் ஏற்றியதிலிருந்து, மாணவர்கள் அன்றைய சிவப்பின் மீது இன்றைய வறுமையைப் படியவைத்துக் காட்டுகிறார்கள். இரண்டும் பொருந்தும்போது காரணம் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பிலடெல்பியாவை ஆராய்ந்த ஏமி ஹில்லியர், அந்த வரைபடங்கள் வங்கிகளிடம் பரவலாகப் போய்ச் சேரவில்லை என்றும், சிவப்புப் பகுதிகளுக்கும் கடன் கிடைத்தது என்றும் காட்டியிருக்கிறார். அடமானக் காப்புறுதியைக் கையில் வைத்திருந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமே பெரிய குற்றவாளி என்பது வலுவான கருத்து. அந்த நிர்வாகத்தின் வரைபடங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. எஞ்சிய வரைபடத்தின் மீதே பழி விழுவது இயல்பு. இனப்பாகுபாடு நடந்தது என்பதில் எள்ளளவும் ஐயம் இல்லை. எந்தக் கை அதைச் செய்தது என்பதைக் காட்ட, இல்லாத வரைபடத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மாணவர் ஆவணப்படம் உலகை அசைத்த கதையாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது மிசிசிப்பி வழக்கு. 1964 ஜூன் 21 அன்று நெஷோபா மாவட்டத்தில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று குடிமை உரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்டார்கள். 44 நாள் கழித்து ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து உடல்கள் எடுக்கப்பட்டன. மாநில அரசு கொலை வழக்குப் போடவில்லை. 1967இல் நடந்த கூட்டாட்சி வழக்கில் ஏழு பேர் சதிக்குற்றத்துக்குத் தண்டனை பெற்றார்கள். போதகர் எட்கர் ரே கில்லனோ, நடுவர் குழுவில் 11 பேர் குற்றவாளி என்றும் ஒருவர் இல்லை என்றும் பிரிந்ததால் வெளியே வந்தார். 2004இல் இலினாய் மாநிலத்தின் ஸ்டீவென்சன் உயர்நிலைப் பள்ளி மாணவியர் மூவர், தேசிய வரலாற்று நாளுக்கான படத்துக்காகத் தம் ஆசிரியருடன் இதை ஆராய்ந்தார்கள். கில்லனின் நேர்காணலையும் பதிவு செய்தார்கள். 2005 ஜூன் 21 அன்று, சரியாக 41 ஆண்டுகள் கழித்து, கில்லன் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. 60 ஆண்டு சிறைத் தண்டனை. 2018இல் சிறையிலேயே இறந்தார்.

‘பள்ளிப் பிள்ளைகள் வழக்கைத் திறந்தார்கள்’ என்று இது சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்வது அந்த மாணவியருக்கே செய்யும் அநீதி என்று நினைக்கிறேன். ஜாக்சன் நகரின் கிளாரியன் லெட்ஜர் இதழில் ஜெரி மிட்செல் இவ்வழக்கைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியிருந்தார். 1998இல் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானின் தலைவர் சாம் பவர்ஸின் பூட்டி வைக்கப்பட்ட பேட்டியை வெளிக்கொண்டு வந்தவர் அவர்தான். கொலை நடந்த மிசிசிப்பியின் பிலடெல்பியா ஊரிலேயே கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து 2004இல் நீதி கேட்டிருந்தார்கள். மூன்று குடும்பங்களும் நாற்பது ஆண்டுகள் சளைக்கவில்லை. மாணவியரின் படம் இந்த நெடிய உழைப்போடு வந்து சேர்ந்தது. அதற்கு வேகம் கொடுத்தது. ஒரே காரணம் தேடும் பழக்கத்திலிருந்து மாணவரை விடுவிப்பதே வரலாற்று வகுப்பின் முதல் கடமை. அந்த வகுப்பின் சாதனையையே ஒற்றைக் காரணக் கதையாகச் சொல்வது பொருந்தாது. இதே பள்ளி மாணவர்கள் அடுத்துத் தொட்ட கிளைட் கென்னார்டு வழக்கிலும் உழைப்பு பலருடையது. கோழித்தீவனத் திருட்டு என்ற பொய்க் குற்றத்துக்கு ஏழாண்டுத் தண்டனை பெற்று, 1963இல் புற்றுநோயால் இறந்த அவர் 2006 மே மாதம் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார்.

சான்று இல்லாத இடத்தை நேருக்கு நேர் பார்த்த வகுப்பு என்று நான் கருதுவது நியூஜெர்சியின் ஹைட்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளி. அங்கே அரசியல் பாடம் படித்த மாணவர்கள், தீர்க்கப்படாத இனவெறிக் கொலை வழக்குகளின் எஃப்.பி.ஐ. கோப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டார்கள். நெடுங்காலம் காத்திருந்து வாங்கிய பக்கங்களில் வரிவரியாகக் கருப்பு மை பூசியிருந்தது. அந்தக் கருப்புப் பட்டைகளைப் படங்களால் நிரப்பி ஒரு காணொளி செய்திருக்கலாம். மாறாக, 2015 முதல் அடுத்தடுத்த வகுப்புகள் சேர்ந்து ஒரு சட்ட வரைவே எழுதின. 1940 முதல் 1979 வரையான இத்தகைய வழக்குகளின் ஆவணங்களைத் தனி மறுஆய்வுக் குழுவின் மூலம் வெளியிட வகைசெய்யும் அந்தச் சட்டம் 2019 ஜனவரியில் கையெழுத்தானது. செனட்டில் அதை எடுத்துச் சென்றவர்கள் எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த டக் ஜோன்ஸும் டெட் குரூஸும்.

இப்போது, கேட்டதும் படம் வரைந்து கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு மாணவர் கையில் வந்திருக்கிறது. சூசன் மூதாட்டியின் முகத்தையும் குரலையும் அது ஒரு நிமிடத்தில் உருவாக்கிக் கொடுத்துவிடும். நெருக்கடி இங்கேதான். தேசிய வரலாற்று நாளின் இன்றைய மதிப்பெண் முறை, வரலாற்றுத் தரத்துக்கு 80 விழுக்காடும் வெளிப்பாட்டுத் தெளிவுக்கு 20 விழுக்காடும் ஒதுக்குகிறது. சரியான விகிதம். ஆனால் அந்த 80க்குள், சான்று இல்லாத இடத்தைக் கையாண்ட விதம் தனியாகக் கேட்கப்படவில்லை, கேட்கப்பட வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் அது எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது என்பது திரையிலேயே இருக்க வேண்டும். சான்று இல்லாத இடத்தில் திரை வெறுமையாக இருக்க அனுமதி வேண்டும். அந்த வெறுமைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. இதனால் படங்கள் சுவை குன்றும் என்று ஆசிரியர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். பத்து நிமிடத்தில் இருபது நொடி கருப்புத் திரை, அதன்மேல் ‘இந்தப் பக்கங்கள் மறைக்கப்பட்டுள்ளன’ என்ற ஒரு வரி. அதைப் பார்த்து அலுப்படைந்த பார்வையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நடுவர்களாக அமர்வோர் மாணவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: உங்களுக்குக் கிடைக்காமல் போனது என்ன, அதை எங்கே காட்டியிருக்கிறீர்கள்?